சந்தேகத்துக்குரியது: ஒன்று

பிரேசிலின் வடக்கே, மாரன்யாவ் கரையில்
கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை வீட்டை விட்டு ஓடிப்போகும்.
மிச்சம் சேறு மட்டும் கிடக்கும், மின்னிக்கொண்டு.
அப்போதுதான் நண்டுகளுக்கு விடிகிறது.
நண்டுகளுக்கு விடிந்தால்
செந்நிற அரிவாள் மூக்கனுக்கும் விடிந்தது.

இங்கே அதைக் குவாரா என்பார்கள்.
பார்த்துப் பிடிக்கிற பறவையில்லை அது.
இருட்டில் தீப்பெட்டி தேடும் கைபோல
வளைந்த அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும்,
ஏதாவது நெளிந்தால் மூடிக்கொள்ளும்.

என் வேலை எண்ணுவது.
காப்பகத்தில் கொடுத்த நோட்டில் மூன்று கட்டங்கள்:
சிவப்பு, பழுப்பு, இரண்டும் கலந்தது.
வெயில் சாய்கையில் சிரீபா தீவுக்கு எதிரே
படகின் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.
பத்துப் பத்தாக வரும்.
பிறகு பத்துக்கு மரியாதை இல்லாமல் வரும்.
முதல் வருடம், கண்டல் காடு பூத்துவிட்டது என்று நினைத்தேன்.
இப்போது நினைப்பதில்லை.
நினைத்தால் கணக்கு விட்டுப்போகிறது.

முட்டை மங்கிய பச்சை, மேலே துரு தெறித்த மாதிரி.
மூன்று வாரம் பொறுத்தால் உள்ளேயிருந்து
வருவது ஒரு கரித்துண்டு.
சிவப்பாக யாரும் பிறப்பதில்லை.
தின்று தின்று சேர்க்க வேண்டும்.
பறவை நண்டிடம் வாங்கியது,
நண்டு பாசியிடம் வாங்கியது.
பாசி மட்டுமே சொந்தமாகச் செய்தது;
மற்றவர்கள் எல்லோரும் கடன்காரர்கள்.
இறக்கை நுனியின் கறுப்பு மட்டும் வீட்டுச் சரக்கு,
காற்றில் தேயாமலிருக்க.

"முப்பது வருசமா அதே நண்டைத்தான் நானும் திங்கறேன்,
எனக்கு ஏன் சிவக்கல?" என்பாள் ஒசேலியா,
தோள்வரை கையைப் பொந்துக்குள் விட்டபடி,
கன்னம் சேற்றில் ஒட்டியிருக்க.
என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

முந்தின மழைக்காலத்தில் ஒரு குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தது.
அவள் புருஷன் அதெயில்டோ தொப்பியில் போட்டுக்கொண்டு வந்தான்.
கோழிக்கூண்டில் வளர்ந்தது அது,
ஊறவைத்த மரவள்ளி மாவும் சோறும் தின்று.
நண்டு?
நண்டு விற்கிற வீட்டில் பறவைக்கு யார் நண்டு போடுவார்கள்.
கரி உதிர்ந்தது. சிவப்பு வரவில்லை.
பலமுறை வெளுத்த சட்டையின் காலர்போல
ஒரு நிறம் வந்தது.
சோப்பு என்று பேர் வைத்தார்கள்.

ஒருநாள் ஒசேலியா கூண்டைத் திறந்துவிட்டாள்.
இரக்கமா என்று கேட்டேன்.
"அரிசி விலை தெரியுமா உனக்கு?"

அன்றைக்கு மறுவாரம்
சிவப்புக் கூட்டத்தின் வாலில் ஒன்று, வெளிறி,
மற்றவை இறங்கிய கிளைக்குப் பக்கத்துக் கிளையில் இறங்கியது.
ஓரத்தில் எழுதினேன்: சந்தேகத்துக்குரியது, ஒன்று.
சாவ் லூயிஸிலிருந்து அதிகாரி வால்தெனோரா கூப்பிட்டாள்:
வேறு இனமா? கொக்கா? நோயா?
"மரவள்ளி மாவு" என்றேன்.
மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.

வளர்ந்து முடிந்த இறகு நிறம் மாறாது.
அது உதிர வேண்டும், அந்த இடத்தில்
புதிய சாப்பாட்டில் புதிது முளைக்க வேண்டும்.
அதுவரை பழைய சோறுதான் முதுகில்.
தினமும் ஓரத்தில் எழுதினேன், ஒன்று, ஒன்று.
பிறகு மழை.
இரண்டு மாதம் படகு கரையேறிக் கிடந்தது.

நேற்று சிவப்பு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
பழுப்பு நானூற்று நாற்பது, கலந்தது அறுபத்தொன்பது.
ஓரம் வெற்று.
பருந்து கொண்டுபோயிருக்கலாம்.
திரும்பவும் எண்ணினேன்,
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வந்தது.

சேற்றிலிருந்து ஒசேலியா கத்தினாள்,
"சோப்பு வந்துச்சா?"
"வந்துச்சு."
"எது?"
"சிவப்பா இருக்கே, அது."
என் பரம்பரையையே திட்டினாள்.
பிறகு கையை மறுபடி பொந்துக்குள் விட்டாள்.
தண்ணீர் திரும்ப இன்னும் அரைமணி இருந்தது.